ரேகை

முதல் நாள் மெஷின் சொன்னது:
மீண்டும் முயற்சிக்கவும்.

வலது கட்டைவிரல். இடது கட்டைவிரல்.
துடைத்து வைத்தேன், ஊதி வைத்தேன்,
சட்டையில் தேய்த்துச் சூடாக்கி வைத்தேன்.
பின்னால் பதினெட்டுப் பேர் வரிசை.
"நீ ஆளாவே தெரியலடா அதுக்கு" என்றான் அப்சர்.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐந்து வருஷம் பேரணாம்பட்டுத் தோல்ஷாப்பில்
சுண்ணாம்புத் தொட்டிக்குள் இருந்த கை.
கையுறை கொடுத்தார்கள்,
கிழிந்த பிறகும் அதையே கொடுத்தார்கள்.
மயிர் கழன்ற தோலைத் தூக்கிப் போடும்போது
என் விரலிலிருந்தும் ஏதோ கழன்றதை
யார் கவனித்தது.

நீர்நிலைப் பாதுகாப்பு உதவியாளர்.
தொண்ணூறு நாள், நாளைக்கு இருநூற்றைம்பது,
மதியச் சாப்பாடு தனி.
வகுப்பு, மூடிக்கிடந்த தீப்பெட்டிக் கம்பெனியில்.
சுவரில் இன்னும் மருந்து வாசனை.
பீடி பற்றவைக்காதீர் என்ற போர்டுக்குக் கீழே
ஓடை எப்படி நடக்கும்,
எங்கே கல் வைத்தால் நிற்கும் என்று
பென்சிலால் வரையச் சொன்னார்கள்.

பிறகு மலட்டாறு.
யாரோ திட்டி, அதுவே பேராகிவிட்ட ஆறு.
சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கவேண்டும்,
மேலே வெட்டினால் ஏழாக முளைக்கும்.
கோட்டீஸ்வரி கடப்பாரை ஓங்கினால்
வேர் பயந்தே வரும் என்போம்.
பெங்களூர் போன புருஷனின் போன் நம்பர் மாறிவிட்டது.
பிள்ளைகள் இருவரையும் பள்ளியில் தள்ளிவிட்டு
எட்டே முக்காலுக்கு நிற்பாள்.
ஒரே அழுத்தத்தில் அவளுக்கு
நன்றி சொல்லும் மெஷின்.

நான் தினமும் வந்தேன்.
தினமும் மெஷினில் நான் வரவில்லை.

ஒருங்கிணைப்பாளர் ஷகிலா மேடம்,
என்னைவிட இரண்டு வயது கூட,
மூன்று மாதமாகச் சம்பளம் வராதவர்,
ஒரு டைரியில் தனியாக எழுதுவார்:
தணிகாசலம், வந்தான்.
தணிகாசலம், வந்தான்.
கோர்ட்டில் கூப்பிடுவது மாதிரி இருக்கும்.

ஐம்பத்து மூன்றாம் நாள் மழை.
பெய்தது ஆந்திரா பக்கம், எங்களுக்கு வந்தது மிச்சம்.
பழுப்பாய், நுரையாய்,
ஒற்றைச் செருப்பைத் தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர்
நாங்கள் அடுக்கிய கல்லில் மோதி
கொஞ்சம் யோசித்து
நின்றது.
யாரும் கை தட்டவில்லை.
பாட்டிலில் பிடித்து மீட்டரை விட்டோம்.
நல்ல எண்தான். மழைத் தண்ணீராயிற்றே.

மறுநாள் எங்கள் தெரு போர்வெல்லில் விட்டேன்.
மூவாயிரத்து நூறு.
"மீட்டர் கெட்டுப்போயிருக்கும்" என்றாள் அக்கா,
குடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.
நான் தூக்கிய தோல்களிலிருந்து வடிந்தது
எந்த வழியாக நடந்து
எங்கள் வாசலுக்கு வந்திருக்கும் என்று
வகுப்புப் பென்சிலால் போட்டுப் பார்த்தேன்.
வளைவே இல்லை. நாலு தெரு.

எழுபத்தோராம் நாள்
வழக்கம்போல் நம்பாமல் வைத்தேன்.
நன்றி, என்றது.

வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.
மெல்லிசாய் வரிகள்,
வெள்ளம் வடிந்த மணலில் இருக்குமே, அதுபோல,
சுழித்து, ஒதுங்கி.
எந்த ராத்திரி வந்தன, தெரியாது.
கோட்டீஸ்வரி கையை வெடுக்கென்று இழுத்துப் பார்த்து
"வளந்துகீதுடா" என்றாள்,
கீரையைச் சொல்வது மாதிரி.

வேலூர் ஆபீசில் சொன்னார்கள்:
சிஸ்டத்தில் நீங்கள் எழுபத்தோராம் நாள்தான்
வந்திருக்கிறீர்கள்.
மேடம் டைரியை நீட்டினார்.
யாரும் வாங்கவில்லை. மேஜை மேல்
பேனா ஸ்டாண்டுக்கும் டீ கிளாசுக்கும் நடுவே
எழுபது நாள் கிடந்தது.

மனு எழுதினோம். பத்தொன்பது பேரும் கையெழுத்து.
எழுதத் தெரியாதவன்தான் ரேகை வைப்பான் என்பார்கள்.
நான் பத்தாவது பாஸ்.
என் பேரை முழுசாக, இனிஷியலோடு எழுதிவிட்டு
மை டப்பாவை இழுத்துக்கொண்டு
கீழே வைத்தேன்.

பத்து விரலும்.